கனடாவில் ஒரு மாகாணம் கூப்பிடுது… போகலாமா?

உங்க போனில் இப்படி ஒரு விளம்பரம் வந்திருக்கும்: "கனடா பி.என்.பி. விசா! ஆறே மாதத்தில் குடும்பத்தோட பி.ஆர்.! உடனே வாட்ஸ்அப் பண்ணுங்க." கூடவே ஒரு பனிமலைப் படமும், சிரிக்கிற ஒரு குடும்பமும் இருக்கும். தொட்டால் பெயர், வயது, படிப்பு கேட்டு ஒரு படிவம் திறக்கும். மறுநாளே அழைப்பு வரும். "இப்பவே முன்பணம் கட்டினா உங்க இடம் உறுதி" என்பார்கள்.

இந்த விளம்பரத்தில் பாதி உண்மை. பி.என்.பி. எனப்படும் மாகாணப் பரிந்துரைத் திட்டம் நிஜமான அரசுத் திட்டம்தான். மீதிப் பாதிதான் உங்க சேமிப்பையும், சில வருஷங்களையும் விழுங்கிவிடும். இந்தத் திட்டம் எதற்காக வந்தது, எப்படி நடக்குது, அந்த மாகாண அரசு உங்களிடம் என்ன எதிர்பார்க்குது என்று தெரிந்துவிட்டால், விளம்பரத்தை நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம். அதற்குத்தான் இந்தப் பாடம்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பி.ஆர். என்றால் நிரந்தரமாக வசிக்கும் உரிமை. அது குடியுரிமை இல்லை. பி.ஆர். வாங்கினாலும் உங்களுடையது இந்தியப் பாஸ்போர்ட்தான்.

மாகாணத்துக்கு எங்கிருந்து வந்தது இந்த அதிகாரம்?

நம்ம நாட்டில் வெளிநாட்டவர் வருகை, தங்குதல் எல்லாம் மத்திய அரசின் பொறுப்பு. மாநில அரசு யாருக்கும் விசா தர முடியாது. கனடாவில் கதை வேறு. 1867-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் 95-ஆவது பிரிவு, குடியேற்றம் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய அரசு, மாகாண அரசு இரண்டுக்கும் தந்திருக்கிறது. இரண்டும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே செல்லும்.

சட்டத்தில் இருந்த இந்த அதிகாரத்தை மாகாணங்கள் நெடுங்காலம் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. முதலில் அழுத்தமாகக் கையில் எடுத்தது கியூபெக். பிரெஞ்சு மொழியைக் காக்க வேண்டும் என்ற கவலையில், தனக்கு வேண்டிய குடியேறிகளைத் தானே தேர்ந்தெடுக்க விரும்பியது. 1978-இல் ஓர் ஒப்பந்தம், 1991-இல் இன்னும் விரிவான ஒப்பந்தம் போட்டது. அதனால் கியூபெக்குக்கு இன்றும் தனி வழிதான், பி.என்.பி. அங்கே கிடையாது.

மற்ற மாகாணங்களுக்கு வழிகாட்டியது மானிடோபா. கனடாவின் நடுவில் இருக்கும் மாகாணம் அது. தலைநகர் வின்னிபெக். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊர். 1990-களில் அங்கே இருந்த பிரச்சினை நமக்கும் பழக்கமானதுதான். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்து முடித்ததும் பெரிய ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கனடாவுக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் டொரன்டோ, வான்கூவர், மான்ட்ரியல் என்ற மூன்று நகரங்களில் இறங்கி அங்கேயே தங்கிவிடுவார்கள். மானிடோபாவின் தொழிற்சாலைகளில் வேலை இருந்தது, கைதான் இல்லை. 1996-இல் மத்திய அரசோடு பேசி, ஆயத்த ஆடைத் தொழிலுக்கு வெளிநாட்டிலிருந்து தையல் இயந்திரம் இயக்குவோரை வரவழைத்துப் பார்த்தார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். அந்த அனுபவத்தை வைத்து 1998-இல் மாகாணப் பரிந்துரைத் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாக இதே பாதைக்கு வந்தன.

திட்டம் எப்படி நடக்குது?

இரண்டு கதவுகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்க. முதல் கதவு மாகாணத்துடையது. "எங்களுக்கு நர்ஸ் வேண்டும், வெல்டர் வேண்டும், லாரி ஓட்டுநர் வேண்டும்" என்று தன் தேவையை அது அறிவிக்கும். நீங்க ஆன்லைனில் விருப்பம் தெரிவிக்கலாம். வயது, படிப்பு, மொழித் தேர்ச்சி, அனுபவம், அந்த மாகாணத்தோடு உங்களுக்கு உள்ள தொடர்பு எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. தேர்வானால் விண்ணப்பிக்க அழைப்பு வரும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பரிந்துரைச் சான்று கிடைக்கும்.

இரண்டாவது கதவு மத்திய அரசுடையது. மருத்துவப் பரிசோதனை, காவல்துறை சரிபார்ப்பு எல்லாம் முடித்து, பி.ஆர். தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது மத்திய அரசுதான். மாகாணம் பரிந்துரைத்துவிட்டது என்பதாலேயே பி.ஆர். கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

ஆனாலும் அந்தச் சான்றுக்கு எடை அதிகம். கனடா மத்திய அரசு 2015 முதல் நடத்தும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொத்தப் புள்ளிகள் 1200. மாகாணப் பரிந்துரை இருந்தால் அதற்கு மட்டுமே 600. அதனால்தான் விளம்பரக்காரர்கள் பி.என்.பி. என்ற மூன்று எழுத்தை இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்கள்.

வரவழைக்கலாம், கட்டிப்போட முடியாது

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

ஒரு மாகாணம் உங்களைத் தேடித் தேர்ந்தெடுத்து, நீங்களும் பி.ஆர். வாங்கிப் போய் இறங்கிவிட்டீர்கள். அடுத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு டொரன்டோவுக்குக் கிளம்பினால் தடுக்க முடியுமா? 1982-இல் வந்த உரிமைகள் சாசனத்தின் 6-ஆவது பிரிவு, நிரந்தரமாக வசிக்கும் எவரும் எந்த மாகாணத்துக்கும் போகலாம், அங்கே பிழைக்கலாம் என்கிறது. நீங்க வேறு ஊருக்குப் போவதை மாகாணம் தடுக்க முடியாது.

அப்படின்னா பொய் சொல்லிவிட்டுப் போகலாமா? கூடாது. அந்த மாகாணத்தில் வாழும் எண்ணம் இருக்க வேண்டும் என்பது விண்ணப்பத்தின் அடிப்படை நிபந்தனை. அந்த எண்ணமே இல்லாமல் இருப்பதாக எழுதிக் கொடுப்பது உண்மையை மறைத்த குற்றம். கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழையத் தடை விதிக்கலாம். "அங்கே பேருக்குப் போடுங்க சார், அப்புறம் டொரன்டோ போயிக்கலாம்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், சிக்கல் வரும்போது மாட்டுவது அவர் இல்லை, நீங்கதான். படிவத்தில் இருப்பது உங்க கையெழுத்து.

டொரன்டோவின் ஈர்ப்பு நமக்குத் தெரியாததா? ஈழத்திலிருந்து போன தமிழர்கள் ஸ்கார்பரோ பக்கம் பல ஆண்டுகளாக வேரூன்றி இருக்கிறார்கள். கோயில், தமிழ்க்கடை, தமிழ் வகுப்பு எல்லாம் உண்டு. புதிதாகப் போகிறவருக்கு அந்தப் பக்கம் மனசு இழுப்பது இயல்பு. ஒரு சிறு மாகாணம் போட்டி போட வேண்டியிருப்பது இந்த இழுப்போடுதான்.

எல்லா மாகாணமும் இதில் ஒரே அளவில் ஜெயிப்பதில்லை. கனடாவின் புள்ளியியல் துறை இதைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்களில் பரிந்துரை பெற்று வந்தவர்களில் பெரும்பாலோர் தங்குகிறார்கள். மிகச் சிறிய மாகாணமான பிரின்ஸ் எட்வர்ட் தீவு இந்த வரிசையில் அடியில் நிற்கிறது. தொழில் தொடங்க வருபவர்களிடம் அந்தத் தீவு ஒரு வைப்புத்தொகை வாங்கிப் பார்த்தது. தீவிலேயே இருந்து தொழில் நடத்தினால் பணம் திரும்பக் கிடைக்கும். பலர் பணம் போனால் போகட்டும் என்று கிளம்பிவிட்டார்கள். 2018-இல் அந்த வழியை அரசே மூடியது. பணத்தைப் பிடித்து வைத்து ஆளைத் தங்க வைக்க முடியவில்லை.

அப்போ எதை வைத்துத் தங்க வைக்கிறார்கள்?

கனடாவின் மாகாணங்கள் முக்கியமாக நான்கு வழிகளைக் கையாள்கின்றன. உங்களைக் கூப்பிடும் மாகாணத்தில் இவை எந்த அளவுக்கு இருக்கின்றன என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலாவது, சொந்தபந்தம். மானிடோபா தன் புள்ளிக் கணக்கில், அங்கே ஏற்கெனவே இருக்கும் உறவினர், நண்பர், அங்கே படித்தது, வேலை பார்த்தது ஆகியவற்றுக்கு மதிப்புத் தருகிறது. நெருங்கிய உறவு வேறு மாகாணத்தில் இருந்தால் புள்ளி குறையவும் செய்யும். காரணம் எளிது. மாமாவும் அத்தையும் இருக்கும் ஊரில் ஆள் தங்குவார்.

இரண்டாவது, முதலாளியின் பொறுப்பு. கிழக்குக் கடலோரத்தில் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து–லாப்ரடார் என நான்கு மாகாணங்கள். இவற்றுக்காக 2017-இல் அட்லான்டிக் குடியேற்றத் திட்டம் சோதனையாக வந்து, 2022-இல் நிரந்தரமானது. இதில் எந்தக் கம்பெனியும் நினைத்தபடி ஆள் எடுக்க முடியாது. மாகாணத்தின் அங்கீகாரம் வாங்க வேண்டும். வேலைக்கு வருபவருக்கும் அவர் குடும்பத்துக்கும், எங்கே தங்குவது, பிள்ளையை எங்கே சேர்ப்பது, எந்த வகுப்பில் மொழி கற்பது என்று எழுதிய குடியமர்வுத் திட்டமும் வேண்டும். அந்தத் திட்டத்தை எழுதித் தரும் சேவை இலவசம்.

மூன்றாவது, தொழில் உரிமம். டாக்டர், நர்ஸ், எலக்ட்ரீசியன் போன்ற பல தொழில்களுக்கு அங்கே மாகாண அளவில் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் போன நர்ஸ் முதியோர் இல்லத்தில் உதவியாளராகவே பல வருஷம் நின்றுவிடுவதுண்டு. நோவா ஸ்கோஷியாவின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பு 2023-இல் ஒரு மாற்றம் செய்தது. இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா உட்பட ஏழு நாடுகளில் பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு உரிமம் வாங்கும் வழியைச் சுருக்கியது. என்கிளெக்ஸ் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. அதற்கு முந்தைய நீண்ட மதிப்பீட்டுக் காத்திருப்புதான் குறைந்தது.

நான்காவது, ஊரே கூடி அழைப்பது. 2019-இல் தண்டர் பே, டிம்மின்ஸ், பிராண்டன், மூஸ் ஜா போன்ற 11 சிற்றூர்களையும் சிறு நகரங்களையும் வைத்து மத்திய அரசு ஒரு சோதனைத் திட்டம் நடத்தியது. யார் வேண்டும் என்பதை அந்த ஊரின் அமைப்பே முடிவு செய்து பரிந்துரைத்தது. அந்தத் திட்டம் முடிந்து, 2025-இல் 14 ஊர்களோடு புதிய சோதனைத் திட்டம் தொடங்கியிருக்கிறது.

நான்கையும் சேர்த்துப் பாருங்க. செய்த வேலையையே தொடர முடிகிறதா, வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ வேலை உண்டா, பிள்ளைக்குப் பள்ளி உண்டா, ஆத்திரம் அவசரத்துக்குப் பக்கத்தில் மனுஷர் உண்டா? ஒருவர் ஓர் ஊரில் தங்குவதும் கிளம்புவதும் இதைப் பொறுத்துத்தான். அரசின் கொள்கையும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது.

விதி நடுவழியில் மாறும்

மாகாணங்களுக்கு எத்தனை இடம் என்பதை ஆண்டுதோறும் மத்திய அரசு முடிவு செய்யும். வீட்டு வாடகை ஏறி, குடியேற்றம் பற்றி அங்கே விவாதம் சூடானதும், 2024-இல் 1,10,000 ஆக இருந்த மாகாணப் பரிந்துரை இலக்கை 2025-க்கு 55,000 ஆகக் குறைத்தார்கள். கிட்டத்தட்ட பாதி. பல மாகாணங்கள் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தன. 2026-க்கு இலக்கை மீண்டும் உயர்த்தினார்கள்.

2024-இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவு, விற்பனை, உணவகம் சார்ந்த வேலைகளுக்கான இடங்களைக் குறைத்து, மருத்துவம், கட்டுமானம் போன்ற துறைகளுக்கு முன்னுரிமை தந்தது. ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்திய இளைஞர்கள் தலைநகர் சார்லட்டவுனில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வந்தபோது இருந்த விதி, பி.ஆர். கேட்கும்போது இல்லை என்பதுதான் அவர்கள் வேதனை.

2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்துவந்த புள்ளிகளும் நீக்கப்பட்டன. கடிதத்தைக் காசுக்கு விற்கும் மோசடிகள் பெருகியது அதற்கு ஒரு காரணம். ஆகவே, "போன வருஷம் என் பிரண்டு போயிட்டான்" என்பதை ஆதாரமாக வைக்காதீங்க. இன்றைய விதியை இன்றைய தேதியில் படிங்க.

ஓர் எடுத்துக்காட்டு

நாகர்கோவிலில் எட்டு வருஷ அனுபவமுள்ள ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கணவர் லேத் பட்டறையில் இருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு. இவருக்கு இரண்டு வழி தெரியுது. ஒன்று, ஏதோ ஒரு மாகாணத்தில் "வேலை எதுவானாலும் பரவாயில்லை, பி.ஆர். உறுதி" என்று ஏஜென்ட் காட்டும் வழி. இன்னொன்று, முதலில் நர்ஸ் உரிமத்துக்கான தேர்வுக்குப் படித்து, உரிமம் கிடைக்கக்கூடிய மாகாணத்துக்கு விண்ணப்பிக்கும் வழி.

முதல் வழி வேகமாகத் தெரியும். ஆனால் அங்கே போய் நர்ஸ் வேலை செய்ய முடியாது, பிறகு உரிமத்துக்குப் படிக்க நேரமும் பணமும் வேண்டும். இரண்டாவது வழியில் இங்கேயே ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கூடுதலாகப் போகலாம். போய்ச் சேர்ந்த பின் அவர் தன் தொழிலிலேயே நிற்பார். கணவரின் வேலைக்கு அந்த ஊரில் என்ன பட்டறைகள் இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். மனைவிக்கு மட்டும் வேலை இருந்து கணவர் வீட்டில் முடங்கினால், அந்தக் குடும்பம் அந்த ஊரில் நிலைக்காது.

போனிலேயே செய்யக்கூடிய சரிபார்ப்பு

1. திட்டம் இருக்கிறதா? கனடா டாட் சிஏ என்ற மத்திய அரசு இணையதளத்தில் மாகாணப் பரிந்துரைத் திட்டம் என்ற பக்கத்துக்குப் போங்க. அங்கிருந்து மாகாண அரசின் பக்கத்துக்கு இணைப்பு இருக்கும். விளம்பரம் சொல்லும் பிரிவு இப்போது திறந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்க. கட்டணமும் அங்கேயே போட்டிருக்கும்.

2. ஆலோசகர் உண்மையானவரா? பணம் வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற விண்ணப்பத்தில் உதவ, அந்நாட்டு வழக்கறிஞராகவோ குடியேற்ற ஆலோசகர் கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும். அந்த அமைப்பின் உறுப்பினர் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கலாம். பெயரும் எண்ணும் கேட்டு வாங்கித் தேடுங்க. தர மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்க.

3. வேலைக்கு ஆள் எடுப்பவரா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஈமைக்ரேட் இணையதளத்தில் பதிவைச் சரிபார்க்கலாம். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் தேர்வு செய்கிறது. அதன் அறிவிப்புகளையும் பாருங்க. மானிடோபாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வெளிநாட்டுத் தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதே குற்றம்.

4. பெயர் ஒன்றாக இருக்கிறதா? நம்ம ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் இது. மதிப்பெண் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, திருமணச் சான்றில் கணவர் பெயர் என்று இருந்தால் விளக்கம் கேட்பார்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, திருத்த வேண்டியதை விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்க.

5. காலாவதி தேதி. மொழித் தேர்வு முடிவு இரண்டு ஆண்டும், படிப்புச் சான்று மதிப்பீடு ஐந்து ஆண்டும் செல்லும். காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிக்கலாம். கேட்கும் நேரத்தில் எடுத்தால் போதும்.

உங்களையே கேட்டுக்கொள்ளுங்க

ஒரு தாளில் எழுதி, குடும்பத்தோடு உட்கார்ந்து விடை எழுதுங்க.

- அந்த மாகாணத்தில் நான் போக நினைக்கும் ஊரின் பெயர் எனக்குத் தெரியுமா?
- என் தொழிலுக்கு அங்கே உரிமம் வேண்டுமா? யார் தருவார்கள்?
- என் துணைக்கு அங்கே என்ன வேலை?
- பி.ஆர். தாமதமானால் எத்தனை மாதம் எங்களால் சமாளிக்க முடியும்?
- டொரன்டோ என்ற ஊரே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த ஊருக்குப் போவேனா?

கடைசிக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் "ஆமாம்" சொன்னால், தைரியமாக விண்ணப்பியுங்க. அப்படி ஒரு குடும்பத்தைத்தான் அந்த மாகாணமும் தேடிக்கொண்டிருக்கிறது. "தெரியலையே" என்று பதில் வந்தால் முன்பணம் கட்டும் பட்டனைத் தொடாதீங்க. அந்த ஊரின் பெயரை முதலில் மேப்பில் தேடிப் பாருங்க, அங்கே இருக்கும் யாரிடமாவது பேசுங்க. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.